டவர் தெருவில் டாக்டர் ஜுலைகா

ஸ்ரீரங்கம் வீட்டில் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் ஜுலைகாவின் தங்கையிடமிருந்து போன் வந்தது. "அக்கா மௌத்தாயிட்டாங்க, சார்." ஜுலைகா இறந்துவிட்டார். கல்லூரியில் இயற்பியல் நடத்திய நானும் மருத்துவரான அவரும் சத்திரம் பேருந்து நிலையத்தில் சந்தித்து, சுகாதாரக் கூட்டங்களுக்கு ஒன்றாகப் போய்வந்த காலம் கண்முன் வந்து நின்றது.

எடமலைப்பட்டி புதூர் கூட்டம், எங்களோடு அங்கே வந்திருந்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அங்கே ஒரு தெருவில் செல்போன் டவர் வந்தபின், அங்கு குடியிருந்த கலைச்செல்வி என்ற பெண்ணுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மறுபடியும் உண்டாகியிருந்தாள். எல்லாவற்றுக்கும் டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்று தெருவே நம்பியது. நான் மின்காந்த அலைகளைப் பற்றி முழங்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஜுலைகா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "செக்கப்புக்குப் போறியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"டவர் இருக்கிற வரைக்கும் டெஸ்ட் எடுத்து என்னங்க ஆகப்போகுது?" என்றார் மாமியார்.

"டவர் கதிர்வீச்சை அளந்து பாக்கச் சொல்லி மனு கொடுங்க, நானும் கூட வரேன். ஆனா நாளைக்கு இந்தப் பொண்ணு என் கிளினிக்குக்கு வரணும்."

சோதித்ததில் கலைச்செல்விக்கு ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. பிரசவம் வரை விரட்டி விரட்டிக் கவனித்தார். பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனால், தூளிக் கயிற்றில் செல்போனைக் கட்டித் தாலாட்டு ஓடவிட்டிருந்தார் அதே மாமியார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜுலைகா என்னை முறைத்தார். "நீங்களே பாடுங்கம்மா, புள்ளைக்கு உங்க குரல் பழகட்டும்" என்று போனை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப டவரால ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சுங்களே?" என்றார் மாமியார்.

"நான் அப்படிச் சொல்லலைங்க. சர்க்கரையைப் பாத்தோம், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு தெரு மனுவை மறந்துவிட்டது. அவர் விடவில்லை. மனு கொடுத்த அலுவலக வாசலில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். "குழந்தைதான் பொறந்துடுச்சே, இன்னும் எதுக்கு இந்த அலைச்சல்?" என்று எரிந்து விழுந்தேன்.

"அவங்களுக்குப் பயம் போயிடுச்சு சார். ஆனா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலையே."

ஒருவழியாக அதிகாரிகள் வந்து அளந்தார்கள். கதிர்வீச்சு வரம்புக்குள்தான் இருந்தது. "இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்" என்றேன். அவர் சிரித்தார். "சொன்னீங்க சார். இப்ப அவங்களுக்கும் சொல்லிட்டு வருவோம், வாங்க" என்று வீடு வீடாக ஏறி இறங்கினார்.

பயந்து நிற்பவரிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்காத அந்தப் பொறுமையைத்தான் அவரிடமிருந்து வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை. அதற்குள் போய்விட்டார்.