லாபம், ரெண்டு, மூணு...

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை நெஞ்சு வலி என்றாராம்... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் மனைவிதான் போன் செய்து சொன்னார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் சந்தையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கியிருந்தால் ஒருவேளை தெரியலாம். தரையில் குவியல் போட்டு, படியில் அளந்து விற்பவர்.

இரண்டு வருடம் முன்பு மொபெட் சறுக்கி வலது கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த கையோடு, வேங்கிக்காலில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார்.

முதல் நாளே எங்களுக்குள் சண்டை.

ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி முன்னால் தள்ள வேண்டும், பத்து முறை. சத்தமாக எண்ணச் சொன்னேன். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணை விட்டுட்டீங்க. மறுபடி முதல்லருந்து," என்றேன். எக்சர்சைஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

"வுடல மேடம். லாபம்தான் ஒண்ணு. படி அளக்கறவன் ஒண்ணுனு ஆரம்பிக்கக் கூடாது."

"இது மல்லாட்டை இல்லண்ணே, கால்."

"ஏன், காலுக்கு லாபம் வேணாமா?"

பத்து வரை அப்படியே எண்ண விட்டேன்.

ஒரு வாரத்தில் மொத்த கிளினிக்கும் அப்படித்தான் எண்ணியது. மூட்டு மாற்றிய ரிட்டயர்டு டீச்சர், கலெக்டர் ஆபீஸ் கிளார்க், எல்லாரும். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் 'ஒன்று' என்பதற்குத் தமிழில் லாபம் என்றே நம்பிக்கொண்டு ஊருக்குப் போனார். நானும் திருத்தவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

வரும்போதெல்லாம் அண்ணன் ஒன்று சொல்வார். "குந்த முடியல மேடம்."

நான் மதுரைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தபோது, நாற்காலியைக் காட்டி "குந்துங்க" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். குந்துவது என்றால் உட்காருவது, அவ்வளவுதான் என் அகராதியில். அதனால், "நல்லாத்தானே குந்தியிருக்கீங்க?" என்று கேலி செய்துவிட்டு அடுத்த எக்சர்சைஸுக்குப் போய்விடுவேன். அவரும் சிரித்துவிட்டு ரப்பர் பேண்டை எடுத்து மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது மாதம் நொண்டல் சுத்தமாக நின்றுவிட்டது. படி ஏறினார், இறங்கினார். ஃபைலில் எல்லாம் நார்மல் என்று எழுதி, "இனிமே வர வேணாம்ணே," என்று கை கொடுத்தேன். ரொம்பப் பெருமை எனக்கு.

அவர் எழுந்திருக்கவில்லை. "அப்போ சந்தைக்கு எப்டி மேடம் போறது?"

சொல்லிவிட்டுத் தரையில் குந்திக் காட்டினார். வலது குதிகால் எழும்பிவிட்டது. பக்கவாட்டில் சாய்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்ன குந்துவது இதுதான்: குதிகால் பதிய, பின்பக்கம் தரையில் படாமல் உட்காருவது. எங்கள் ஊரில் அதைக் குத்தவைப்பது என்போம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "எங்கே, காட்டுங்க," என்று நான் கேட்டிருக்கலாம்... மூன்று மாதமாக அவர் பிழைப்புக்கு வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்ய வைத்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஸ்டூல் போட்டுக்கொள்ளலாமே என்று மழுப்பினேன்.

"ஸ்டூல்ல குந்தினா கை குவியலுக்கு எட்டாது மேடம். எட்டி எட்டி அள்ளினா படி நெறையாது. அளவு கம்மியாப் போச்சுன்னா அப்புறம் எவன் வருவான் எங்கிட்ட?"

மறுபடி ஆரம்பித்தோம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். கணுக்கால் இளக இளக, பாதத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கலாம். நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் விரலை வைத்து அளந்து முடித்திருப்பார். "இன்னிக்கு ரெண்டு வெரக்கடை மேடம், எழுதிக்குங்க." அவர் ஃபைலில் மட்டும் சென்டிமீட்டர் கிடையாது, விரற்கடைதான்.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள் படியும் ஒரு மூட்டை மல்லாட்டையுமாக வந்தார். எல்லார் முன்னாலும் ஹால் நடுவில் கொட்டினார். குந்தினார்.

நான் ஒரு பேப்பரை எடுத்து அவர் குதிகாலுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

"லாபம்!" என்று முதல் படியை என் துப்பட்டாவில் கொட்டினார். டீச்சர் கை தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தும்மல் வந்ததுபோல் திரும்பிக்கொண்டேன்.

நேற்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். கடைசிவரை குந்த முடிந்ததா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கத் தயக்கம். அவர் மனைவியே சொன்னார். "முந்தாநாள்கூட சந்தையில குந்தினுதாம்மா அளந்தாரு."

கால்மாட்டில்தான் போய் நின்றேன். பழக்கம்... இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். எந்தப் பக்கம் வளைத்தால் வலிக்கும் என்று எனக்கு அத்துப்படியான கணுக்கால். அசையாமல் இருந்தது.

"நீங்களும் வாய்க்கரிசி போடுங்கம்மா. அத்தினி மாசம் அவரு காலைப் புடிச்சீங்க," என்றார் அவர் மனைவி.

முதல் பிடி போடும்போது வாய் தானாக "லாபம்" என்றது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

ரெண்டாவது பிடிக்கு எண்ண வரவில்லை.

போய் வாங்கண்ணே.