ஆவியில் வெந்த காயும் தெருவின் மூக்கும்

இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, செய்தித்தாளில் தலைப்பைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பனிமூட்டமாகிவிட்டது. காஞ்சிபுரத்துக் கண் மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க மறுத்தார். சர்க்கரை இறங்கினால்தான் கத்தியை எடுப்பாராம். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் ஆவியில் வேகவைத்த காயை வைக்கச் சொன்னார். ஏரியை நம்பி நெல் போடும் உத்திரமேரூர்க்காரனிடம் சோற்றைக் குறை என்று சொல்லத் தைரியம் வேண்டும். அவருக்கு இருந்தது. வெளியூர்க்காரர்.

நான் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அது எனக்குத் தெரியும் என்பது என் நம்பிக்கை. என் மனைவி அதை வியாதி என்பாள். இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதித்த பிறகே தட்டை இறக்க வேண்டும். காய்களை ஒரே அளவில் நறுக்க வேண்டும். முதலில் கேரட், அது பாதி வெந்ததும் பீன்ஸ், கடைசியில் காலிஃபிளவர். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. இறக்கிய பின் உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. பீன்ஸின் பச்சை மாறாமல், பல்லுக்கு நறுக்கென்று இருந்தால் சரி. எந்தக் கோப்பும் என் கையில் இவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை.

மனைவி தட்டை எட்டிப் பார்த்தாள்.

“எங்க தாளிப்பு?”

“கெடையாது. டாக்டர் எண்ணெயைக் கொறைக்கச் சொன்னாரே.”

“கொறைக்கத்தான சொன்னாரு? சாவு வூட்லதான் தாளிக்காம ஆக்குவாங்க. நான் பொட்டு வச்சிக்கினு கீறேன், நீங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு கீறீங்க. இன்னாத்துக்கு இந்தக் கெட்ட சகுனம்?”

குத்துக்கல் என்பதை என் ஆரோக்கியத்துக்கான நற்சான்றாக எடுத்துக்கொண்டேன். துக்கம் நடந்த வீட்டில் கருமாதி முடியும்வரை தாளிப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் என் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கு அந்த வழக்கம் தெரியாதே என்று வாதாடினேன். அவள் கோபத்தில் அடுப்படியையே என்னிடம் ஒப்படைத்தாள். குழம்பு நின்றது. இருவருக்கும் ஆவிக்காய், மோர், அரைவயிற்றுச் சோறு.

சில நாள் கழித்து எதிர்வீட்டுக்காரி வந்தாள். கையில் தூக்கு நிறையச் சாம்பார் சாதம். குரலைத் தாழ்த்திக்கொண்டு மனைவியிடம் கேட்டாள்.

“இன்னாக்கா, ஒங்க வூட்ல தாளிக்கிற வாசனையே காணோம். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? யாரு, பெரிய நாத்தனாரா?”

“அடிப்பாவி! அவங்க நல்லா கீறாங்கடி!”

“அப்ப அண்ணனுக்குத்தான் எதுனா…”

அண்ணனாகிய நான் உள்ளே கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையை அசைத்துக் காட்டினேன். ஆண்டுதோறும் கருவூலத்துக்குப் போய் உயிரோடிருப்பதை நிரூபித்து வருகிறேன். அரசாங்கமே நம்பி ஓய்வூதியம் தருகிறது. எங்கள் தெருவுக்கு அது போதாது. இங்கே கடுகு வெடிக்க வேண்டும்.

மறுநாளே மனைவி அடுப்படியை மீட்டுக்கொண்டாள். காயை என் நடைமுறைப்படியே வேகவைத்தாள். பிறகு தாளிக்கிற கரண்டியில் எண்ணெய் காயவைத்து, கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு, சடசடவென்று வெடிக்கும்போதே வாசல்வரை தூக்கிக்கொண்டு போனாள். தெரு கேட்டது, முகர்ந்தது, நிம்மதி அடைந்தது. திரும்பி வந்து அதைத் தன் ரசத்தில் கொட்டிக்கொண்டாள். என் தட்டில் வெறும் காய். தினமும் இந்த ஊர்வலம் நடந்தது. எனக்கோ பார்வைதான் மங்கல், மூக்கு முழு உத்தியோகத்தில் இருந்தது.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைத் தாளோடு காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினோம். சர்க்கரை இறங்கியிருந்தது. மருத்துவர் மகிழ்ந்து, அறுவைக்கு நாள் எழுதப் பேனாவைத் திறந்தார்.

“எப்படிம்மா இவ்வளவு கட்டுப்பாடா இருந்தார்?”

“நான்தான் சார் பாத்துக்கினேன். ஒரு நாளும் தாளிக்காம வுட்டதில்ல. எங்க தெருவையே கேளுங்க.”

பேனா நின்றது. மருத்துவர் மறுபடியும் பரிசோதனைத் தாளை எடுத்தார். சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார். கண் கையைவிட்டுப் போகிறதே என்று எனக்குப் பதறியது.

“தாளிப்பு எனக்கில்லை சார், தெருவுக்கு” என்றேன்.

அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் நாளை எழுதிவிட்டார். அவர் மனம் மாறுவதற்குள் தாளை வாங்கிக்கொண்டு, மனைவியை முன்னால் நடக்கவிட்டு வெளியே வந்தேன். என்ன தேதி எழுதியிருக்கிறார் என்று அவள்தான் படித்துச் சொன்னாள்.