பெரிய டீச்சர் கண்டுபிடித்த காய்ச்சல்

மட்டாஞ்சேரியில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, எனக்குக் காய்ச்சல் வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் பெரிய டீச்சர். தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒருநாள் பள்ளி விடுகிற நேரத்தில் என்னை வராந்தாவில் நிறுத்தி, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "நல்ல சூடுண்டல்லோ மோளே. நாளெ வரண்டா, கேட்டோ" என்றார். சூடாக இருக்கிறது, நாளைக்கு வர வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் டீச்சரே சொல்லிவிட்டால் சூடு இருக்கத்தானே வேண்டும்? பக்கத்தில் நின்ற ஷைலாவுக்கும் சூடு இருந்தது. என் வீட்டில் தமிழ், அவள் வீட்டில் கொங்கணி. மலையாளத்தில் சொல்லித்தருகிற கணக்கு எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறாது. வகுத்தல் வராத பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடிக்கிற அப்படியொரு காய்ச்சலைப் பற்றி இன்றுவரை எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். என் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, பாலக்காட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது எங்கள் வகுப்பு. மறுநாள் அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போட, பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு சார் வருகிறார். கூடவே ஒரு ஜப்பான்கார அம்மா. வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு நாட்டிலும் எப்படிச் சொல்லித்தருகிறார்கள், பிள்ளைகள் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்கிறவர் அவர். அடுத்த ஜூனில் எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இடம் காலியாகப் போவதாக இருந்தது. பாடம் நல்லபடியாக நடந்தால் மேனேஜரிடம் பேசுவதாகப் பெரிய டீச்சர் சின்னம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேலை. அதை நினைத்து நினைத்துச் சின்னம்மா பாத்திரம் கழுவும்போதுகூடத் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

அதனால் எங்களுக்கு ஒத்திகை நடந்தது. விருந்தாளி வருகிற வகுப்பில் அதுதான் வழக்கம். பாடம் வகுத்தல். மேசைமேல் பன்னிரண்டு நாரங்கா மிட்டாய், ஐந்து பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு, பாக்கி இரண்டு. யார் எழுந்து சொல்ல வேண்டும், யார் சும்மா கையை மட்டும் தூக்க வேண்டும் என்பதுவரை பெரிய டீச்சர் முடிவு செய்திருந்தார். எனக்கும் ஷைலாவுக்கும் வேலை எதுவும் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முறையாகப் போர்த்திப் படுத்துவிட்டேன். அம்மா தொட்டுப் பார்த்து, "எங்கடி சூடு? கை வெச்சா குளுகுளுன்னு இருக்கு" என்றாள். இருந்தாலும் கஞ்சி வந்தது. அத்தா ரொட்டி வாங்கி வந்தார். சாயங்காலம் வந்த சின்னம்மாவிடம், பெரிய டீச்சர்தான் சொன்னார், ஷைலாவுக்கும் இருக்கிறது என்று பெருமையாகவே சொன்னேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நாள் வீட்ல கெடந்தா இவளுக்கு என்ன கொறஞ்சுடும்? நீ உன் வேலையப் பாரு" என்று அம்மா அவளிடம் சொன்னது காதில் விழுந்தது. நானும் அதையே நினைத்தேன். ரொட்டி இன்னும் பாக்கி இருந்தது.

காலையில் சின்னம்மா போர்வையை உருவினாள். "எந்திரி. சூடு போயிடுச்சு." தலையை இழுத்துப் பின்னி, என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே ஷைலாவின் வீட்டுக்குப் போய் அவளையும் கூட்டிக்கொண்டாள். சின்னம்மாவின் உள்ளங்கை வேர்த்துச் சில்லிட்டிருந்தது. காய்ச்சல் இவளுக்குத்தான் போல என்று எனக்குப் பட்டது.

எங்களைக் கண்டதும் பெரிய டீச்சர் முகம் மாறியது. விருந்தாளிகள் முன்னால் என்ன சொல்ல முடியும்? ஜப்பான்கார அம்மா வகுப்பின் கடைசி வரிசையில் எங்கள் குட்டி பெஞ்சிலேயே முழங்கால் மடங்க உட்கார்ந்து, கரும்பலகையை விட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் ஒத்திகைப்படியே ஓடியது. எழுந்திருக்க வேண்டியவன் எழுந்து, ஆளுக்கு இரண்டு, பாக்கி இரண்டு என்று கணீரென்று சொன்னான்.

அப்போது அந்த அம்மா ஏதோ கேட்டார். கல்லூரி சார் அதை மலையாளத்தில் சொன்னார்: பாக்கி இரண்டை என்ன செய்வீர்கள்?

இது ஒத்திகையில் இல்லை. நன்றாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். எனக்கோ இதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியாது. எங்கள் வீட்டில் மவுலூது ஓதி முடிந்து சீரணி இனிப்பைப் பங்கு வைக்கும்போது மிஞ்சுவது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? எழுந்தேன். மலையாளம் வாயில் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன்.

"காய்ச்சல்ல கெடந்து வர முடியாதவங்களுக்கு எடுத்து வெக்கணும்."

ஷைலாவும் எழுந்து, முந்தின நாள் எங்களுக்குச் சூடு என்று பெரிய டீச்சர் வர வேண்டாமென்றதை மலையாளத்தில் சொல்லிவிட்டாள். "இன்னலெ எனிக்கும் இவள்க்கும் சூடாயிருந்நு. வரண்டான்னு பெரிய டீச்சர் பறஞ்சு."

சார் கொஞ்சம் தயங்கினார். பிறகு எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் பெரிய டீச்சரைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், எங்கள் இருவருக்கும் நேரே நின்று இடுப்புவரை குனிந்தார். என்னவோ கீழே விழுந்துவிட்டது போல என்று நானும் குனிந்து பெஞ்சுக்கடியில் தேடினேன்.

மணி அடித்ததும் சின்னம்மா அந்த இரண்டு மிட்டாயையும் எங்கள் கையில் ஆளுக்கொன்றாக வைத்து, "காய்ச்சக்காரங்களுக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. சாக்பீஸ் தூசி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தக் கண்களை நினைத்தால் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பயிற்சியில் சின்னம்மா தேறிவிட்டாள். ஜூனில் அந்த இடத்துக்கு வேறொரு டீச்சர் வந்தார். சின்னம்மாவுக்கு ஆலுவாவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். நான் பல் தேய்க்கும்போதே அவள் டிபன் டப்பாவோடு வாசலில் நிற்பாள். ஒருநாள் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், ஏன் சின்னம்மா எங்கள் ஸ்கூலுக்கே வரக்கூடாது என்று.

"உங்க ஸ்கூல்ல காய்ச்சல் பரவுதுடி. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

நம்பினேன். கொஞ்ச நாளைக்கு, அம்மாவிடம் நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன். எங்கள் சின்னம்மா எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்று ஷைலாவிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.