பிச்சைமுத்து முதலாளி தவறாகத் தூக்கிய கை

பிச்சைமுத்து முதலாளியின் கதையைக் காளைமாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1904-இல் பினாங்குக் கரையில் இறங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது. கைநாட்டுதான். பேராக்கில் ஒரு சீன முதலாளியின் ஈயச் சுரங்கத்தில், அந்த ஊர்ப் பேச்சில் லம்பத்தில், மாட்டுவண்டி ஓட்டினார். மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற மணலை வாரிக்கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. வெறும் சக்கை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இவருடைய செவலைக் காளை மட்டும் பாதி மேட்டிலேயே நுரை தள்ளியது. அதே அளவு ஆற்று மணல் என்றால் வாலை ஆட்டிக்கொண்டு போகிற மாடு அது!

சக்கைக்கு இவ்வளவு கனம் ஏது? பிச்சைமுத்து யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐந்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அந்தக் கழிவு மேட்டையே குத்தகைக்கு எடுத்தார். லம்பமே சிரித்தது. மறுபடி கழுவினார். கழுவக் கழுவ ஈயம்! படித்த எஞ்சினீயர்கள் எத்தனையோ பேர் மிதித்துக்கொண்டு போன மேடுதான். கண்டுபிடித்தது மாட்டின் மூச்சை அறிந்தவன்.

பிறகென்ன? மூன்று லம்பம், ஜார்ஜ் டவுனில் மாடி வீடு, மோட்டார் கார். 1927-இல் நகரசபை உறுப்பினராக நியமனம். தமிழனில் எத்தனை பேருக்கு அந்த நாற்காலி கிடைத்தது? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரே ஒரு சங்கடம். சபையில் எல்லாம் இங்கிலீஷ். முதலாளி தம் பெயரை மட்டும் இங்கிலீஷில் எழுதப் பழகியிருந்தார். அதற்குமேல் ஓர் எழுத்து தெரியாது. இது அவரிடம் கணக்கெழுதும் கிராணி வின்சென்ட்டைத் தவிர வெளியில் ஒருவருக்கும் தெரியாது. சபைக் காகிதங்களை வின்சென்ட்தான் முன்கூட்டியே படித்துச் சொல்வார். நாலு பேர் எதிரில் முதலாளி மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் பேப்பரைக் கம்பீரமாகப் புரட்டுவார்.

ஒருநாள் காலையில் ஊர்க்கோடி ஜெலுத்தோங்கிலிருந்து ஆசியா பீவி வந்தார். சோறு விற்றுப் பிழைக்கிறவர். கப்பலிலிருந்து இறங்கிக் காய்ச்சலில் கிடந்த பிச்சைமுத்துவுக்குப் பத்து நாள் கஞ்சி ஊற்றிய புண்ணியவதி.

"தம்பி, எங்க கெணத்துத் தண்ணி நாறுது. இந்த மாசம் மட்டும் மூணு பிள்ளைங்களுக்கு வாந்திபேதி. பெரிய நாற்காலில உக்காந்திருக்கியாமே, ஒரு பைப்பு போடச் சொல்லேன்."

"அக்கா, நீ ஊத்துன கஞ்சியிலதான் இந்த உசிரு நிக்குது. பைப்பு வரும். என் வாக்கு."

கூட்டத்தன்று வாசலிலேயே வின்சென்ட் நிறுத்தினார். "முதலாளி, நாலாவது விஷயம் நம்மளது. தலைவர் கேட்டதும் கை தூக்குங்க."

"தெரியும்லா! எனக்கே பாடமா?"

நாலாவது விஷயம் வந்தது. 'ஜெலுத்தோங்' என்ற சொல் காதில் விழுந்தது. நடுவில் ஒரு துரை எழுந்து என்னவோ பேசி உட்கார்ந்தார். தலைவர் கேட்டார். ஐந்து கைகள் எழுந்தன. ஆறாவதாக முதலாளி தம் கையை எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினார். எதிர்த்தவர்கள் ஐந்தே பேர். பூரிப்போடு திரும்பிப் பார்த்தால், பார்வையாளர் பெஞ்சில் வின்சென்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

வின்சென்ட் குனிந்தபடியே வந்து காதில் சொன்னார். "அது பைப்புக்கு இல்ல முதலாளி. ஒரு வருஷம் தள்ளிப்போடணும்னு அந்தத் துரை கேட்டாரு. உங்க கையாலதான் அவரு ஜெயிச்சாரு."

தலைவர் ஐந்தாவது காகிதத்தை எடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் பிழைக்கும். ஆனால் ஒரு வருஷத்தில் அந்தக் கிணறு இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோகும்?

முதலாளி எழுந்தார். தலைவரைப் பார்த்து மலாயில் சொன்னார். "துவான், நான் தப்பாகக் கை தூக்கிவிட்டேன். பைப்புக்கு என்று நினைத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது."

எதிரில் இருந்த உறுப்பினர், துணி வியாபாரி அப்துல் ரசாக், தமிழிலேயே கேட்டார். "அப்ப தெனமும் பேப்பரைப் புரட்டுவீங்களே முதலாளி, அது என்னா?"

"படம் பார்த்தேன்லா!"

அப்துல் ரசாக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மலாயில் அதைச் சொன்னதும் தலைவரும் சிரித்தார். முடிந்தது முடிந்ததுதான் என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த நல்ல மனிதர் அப்படிச் சொல்லவில்லை. விஷயத்தை மலாயில் விளக்கிவிட்டு மறுபடி எண்ணினார். தள்ளிப்போட நாலு கை. உடனே போட ஏழு. முதல் தடவை துரையோடு சேர்ந்த அப்துல் ரசாக்கும் இந்தத் தடவை முதலாளி பக்கம். தலைவருக்கும் அப்துல் ரசாக்குக்கும் கடைசிவரை தீபாவளிக்கு முதல் பலகாரம் முதலாளி வீட்டிலிருந்துதான் போயிற்று.

மூன்றாம் மாதம் ஜெலுத்தோங்கில் பைப்பு வந்தது. மாலை, மேளம், போட்டோக்காரர் எல்லாம் தயார். முதலாளி வின்சென்ட்டின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"நீ தொற."

"ஐயோ, நீங்கதான் தொறக்கணும் முதலாளி!"

"அன்னிக்கு எனக்கு நோகக்கூடாதுன்னு நீ பேசாம இருந்திருந்தா இது ஏது? நீ செஞ்ச உதவிய மறந்தா நான் மனுசனா? தொறடா!"

வின்சென்ட் திறந்தார். முதலில் செம்மண் நிறத்தில் கக்கியது. பிறகு கண்ணாடியாய்க் கொட்டியது. போட்டோக்காரர் இன்னொரு படத்துக்கு இருவரையும் நிறுத்தப் பார்த்தார். ஆசியா பீவி இடுப்புக் குடத்தோடு நடுவில் புகுந்தார்.

"படம் புடிச்சது போதும், நகருங்கப்பா! வரிசை நீளுது."

முதலாளி நகர்ந்து நின்றார்.