குழந்தையோடு வந்தால் மட்டும்

கார் நிறுத்துகிற இடத்தில் வேலை பார்க்கிறவளுக்குக் கார் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. எதிரே நிற்பவர் சொல்வது முழுப் பொய்யா, பாதிப் பொய்யா என்று முகத்தைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

எனக்குக் காரும் கிடையாது, ஓட்டவும் தெரியாது. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டுக்காரருக்கு வேலை மாற்றல் வந்ததில் கொல்கத்தாவுக்கு வந்து, சால்ட் லேக்கில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறேன். அவர் ஆபீஸ் போனபின் இரண்டரை வயது மகளோடும் நாலு சுவரோடும் எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பது? பக்கத்து வீட்டு மாசிமா (இந்த ஊர்ச் சித்தி முறை) எனக்கு வங்காளமும் கற்றுக்கொடுத்து, "பிள்ளையை நான் பார்த்துக்கறேன், நீ போய் நாலு மனுஷங்களைப் பாரு" என்று அனுப்பியும் வைத்தார். அப்படிக் கிடைத்ததுதான் இந்த ஷாப்பிங் மால் வேலை. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. சின்னப் பிள்ளைக்காரிக்கு இப்படி ஒரு நேரம் வேறெங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

தரைக்குக் கீழே முதல் தளம். லிஃப்டுக்குப் பக்கத்தில் எட்டுக் கட்டம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு வருகிறவர்கள் மட்டும் அங்கே நிறுத்தலாம். ஒரு கையில் தூங்குகிற பிள்ளை, மறு கையில் பை, வாயில் கார் சாவி என்று கடைசித் தூண் வரைக்கும் நடந்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் அந்த எட்டுக் கட்டமும். மேனேஜர் தத்தா பாபுவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவற்றைக் கூடுதல் காசு வாங்குகிற 'பிரீமியம்' கட்டமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் நாளே என் கையில் புகார்ப் புத்தகத்தைக் கொடுத்து, கேட்கிறவருக்கெல்லாம் கொடுப்பேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு சொன்னார்: "துர்கா பூஜை ஷாப்பிங் முடிஞ்சதும் ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்து இதைப் புரட்டுவாங்க. புகார் நிறைய இருந்தா எட்டுக் கட்டமும் போகும். கட்டம் போனா உனக்கு இங்கே என்ன வேலை?"

முழங்காலை மடக்கு

ஐந்து வயது என்று பலகையில் எழுதிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழோடு யார் ஷாப்பிங் வருகிறார்கள்? முதல் வாரத்தில் அப்பாவின் தோளுக்கு வளர்ந்த பையனைக்கூட "நாலரை" என்றார்கள். எனக்கு எங்கள் ஊர் டவுன் பஸ் ஞாபகம் வந்தது. படியேறுகிற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். பிள்ளையின் தலை அதைத் தாண்டினால் டிக்கெட். வாசல் காவலர் நிமாய்தாவிடம் மஞ்சள் பெயிண்ட் வாங்கி, தூணில் மூன்றரை அடி உயரத்தில் நானும் ஒரு கோடு போட்டேன்.

கோடு போட்ட இரண்டாம் நாளே ஒரு அம்மா வந்தார். பையனின் தலை கோட்டுக்கு மேலே ஒரு சாண் போகும் என்று தூரத்திலேயே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், "முழங்காலை மடக்கு" என்றார். கோவில்பட்டி பஸ்ஸில் என் அம்மாவிடம் நான் கேட்காத வார்த்தையா அது? கண்டக்டர் தலையைத்தான் பார்ப்பார். நான் முழங்காலைத்தான் முதலில் பார்ப்பேன். பையன் வாத்து மாதிரி நடந்து வந்து நின்றான். "என்ன படிக்கிறான்?" என்று கேட்டேன். "நர்சரி" என்றார் அம்மா. பையன் படக்கென்று நிமிர்ந்துவிட்டான்: "கிளாஸ் மானிட்டரைப் போய் நர்சரின்னு சொல்றியேம்மா."

கல்யாணம் ஆகிற வரைக்கும்

ஒரு சனிக்கிழமை, தாடி வைத்த ஒருவர் காரை நேராகக் கட்டத்துக்குள் விட்டார். பின்சீட்டில் அவருடைய அம்மா, மடியில் பிளாஸ்க்கோடு. "குழந்தை எங்கே?" என்றேன். அந்த அம்மா பிளாஸ்க்கால் ஓட்டுநர் சீட்டைக் காட்டினார். "அவருக்கு என்ன வயசு, மாசிமா?" "இந்த மாசம் முப்பத்தாறு. நேத்துலேர்ந்து ஜலதோஷம். தூரத்துல நிறுத்திட்டு நடந்தான்னா நெஞ்சுல கட்டிக்கும்."

தாடிக்காரர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "அம்மா, போயிடலாம்" என்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தார். நான் பலகையைக் காட்டினேன். அந்த அம்மா பலகையைப் பார்க்கவே இல்லை. கடைசியில் வண்டி நகர்ந்தது. நகர்கிற வண்டியிலிருந்து கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார்: "கல்யாணம் ஆகிற வரைக்கும் குழந்தைதான். ஒரு நல்ல பொண்ணாப் பார்த்துக் குடு, நாளைக்கே கடைசித் தூண்ல நிறுத்தறேன்."

ஒரே பாப்பா

பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிறு. புள்ளி போட்ட கவுன், கழுத்தில் தண்ணீர் பாட்டில், மூன்று வயதுப் பாப்பா ஒன்று ஒரு குடும்பத்தோடு வந்தது. தலை கோட்டுக்கு வெகு கீழே. சந்தோஷமாக இடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கார், அதே கவுன். ஏதோ தள்ளுபடியில் ஊரே ஒரே துணியை எடுத்திருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாவது காரிலிருந்து இறங்கும்போது பாப்பாவே எனக்குக் கை காட்டியது.

நிமாய்தா போய் விசாரித்துவிட்டு வந்தார். மூன்றும் ஒரே அடுக்குமாடியில் இருக்கிற குடும்பங்களாம். லிஃப்டில் மேலே போகிற பாப்பாவை ஒரு சித்தப்பா வெளி வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய், தெருமுனையில் காத்திருக்கும் அடுத்த காரில் உட்காரவைத்துவிடுகிறார். மூன்றாவது காரைத் திருப்பி அனுப்பினேன். புத்தகத்தில் மூன்று வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு புகார் எழுதினார்கள், மூன்றும் ஒரே கையெழுத்தில். நான் பாப்பாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "உன் அம்மா யாரு கண்ணு?" என்று கேட்டேன். பாப்பா சுற்றி நின்ற பெண்களை ஒரு முறை பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கேட்டது: "இன்னைக்கா?"

முதல் காரணம்

இந்த ஊரில் இடம் இல்லை என்றால் யாரும் கத்துவதில்லை. வாதம் பண்ணுவார்கள். தோளில் துணிப்பை மாட்டிய ஒரு பெரியவர், கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், காரை வழியிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். பின்னால் நாலு கார் ஹாரன் அடித்தது. அதையெல்லாம் அவர் கைதட்டல் மாதிரி வாங்கிக்கொண்டார். "எனக்கும் என் மனைவிக்கும் குழந்தையே கிடையாது. இந்த நாட்டு ஜனத்தொகையில் ஒரு தலைகூட நாங்கள் கூட்டவில்லை. அதற்குப் பரிசாக எங்களைத்தானே லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும்?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரி இருந்தது. அதனால் நான் யோசிக்கவில்லை.

புத்தகம் கேட்டார். நிமாய்தா என் காதருகில், "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு தீதி" (இந்த ஊர் அக்கா) என்றார். சொல்லியிருப்பேன், தத்தா பாபுவிடம் கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருக்கிறேனே. புத்தகத்தைக் கொடுத்தேன், உட்கார என் நாற்காலியைக் கொடுத்தேன், அவர் பேனா எழுதாததால் என் பேனாவையும் கொடுத்தேன். என் வேலை போக நானே மை ஊற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. நிமாய்தா அவர் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தச் செய்தார். இரண்டு பக்கம் ஓடிய நேரத்தில், நாலு தூண் தள்ளிச் சாதாரணக் கட்டம் ஒன்று காலியானது. ஓடிப் போய், "ஸார், அங்கே இடம் வந்தாச்சு" என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னார்: "இரும்மா, முதல் காரணமே இன்னும் முடியலை."

லைனில் இருக்கிற பேரன்

லேக் மார்க்கெட்டிலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள். என் சட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீ எந்த ஊர்மா?" "விளாத்திகுளம் பக்கம், மாமா." "அப்போ நம்மாத்துப் பொண்ணு. வண்டியை இங்கேயே விட்டுடறேன்." கொல்கத்தாவில் தமிழ்க் குரல் கேட்டால் எனக்கும் மனசு இளகத்தான் செய்யும். ஆனால் பின்னால் நிற்கிற வங்காளி அம்மா, கைக்குழந்தையோடு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "குழந்தை எங்கே மாமா?" என்றேன்.

மாமா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சிட்னியிலிருந்து பேரன், மூன்று வயது, வாயில் ஸ்பூனோடு. "வர்ற வழியெல்லாம் எங்களோட பேசிண்டேதான் வந்தான். கூட வந்த மாதிரிதானே?" நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய், பேரன் ஸ்பூனோடு அப்படியே நின்றுவிட்டான். மாமா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சரிவுப் பாதையில் பாதி தூரம் ஏறினார். மாமி காரை விட்டு இறங்கவில்லை. சத்தம் போடாமல்தான் சொன்னார்: "வாங்கோன்னா, வண்டியை எடுங்கோ. அவன் நம்மாத்துக்கு வந்தே ரெண்டு வருஷமாச்சு, அவன் பேர்ல இடம் மட்டும் எதுக்கு?"

புடவை கட்டின படம்

மற்றவர்கள் தப்பையே எழுதிக்கொண்டு போனால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். மகாளயத்துக்கு முந்தின நாள், மூச்சு விட நேரமில்லாத கூட்டம். ஒரு இளைஞர் தனியாகக் காரில் வந்து கட்டத்துக்குள் திரும்பினார். பக்கத்துச் சீட்டில் பெண் யாரும் இல்லை. அதற்குள் அன்று எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அவரையும் கையைக் காட்டி, "முன்னால போங்க தாதா" (இங்கே அண்ணனுக்கு அதுதான் பேர்) என்று அனுப்பிவிட்டேன். மறு பேச்சுப் பேசாமல் போனார்.

பத்து நிமிஷம் கழித்து, கடைசித் தூணிலிருந்து நடந்து வந்தார். மார்பில் துணித்தொட்டில், அதில் நாலு மாதக் குழந்தை, கையில் பால் பாட்டில் பை. பின்சீட்டில் தூங்கிய குழந்தையை நான் குனிந்து பார்க்கவே இல்லை. அவரே புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஒரே ஒரு வரி எழுதினார். பிறகு பலகையில் இருந்த படத்தைக் காட்டினார். அதில் புடவை கட்டிய ஒருத்தி குழந்தை வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். "அடுத்த தடவை நானும் கட்டிக்கிட்டு வரணுமா தீதி?"

பதினேழு புகார்

லட்சுமி பூஜை முடிந்த மறுநாள் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். தத்தா பாபு 'பிரீமியம்' கட்டத்துக்கு வரைந்த படத்தைத் தயாராகக் கையில் வைத்திருந்தார். "பாருங்க மேடம், பதினேழு புகார். என் சர்வீஸ்ல எந்தத் தளத்துலயும் இவ்வளவு வந்ததில்லை" என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. யூனிஃபார்மைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, அப்படியே கொடுக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். மகளிடம், நாளையிலிருந்து அம்மா வீட்டில்தான் என்று சொன்னால் அவள் குதிப்பாள். எனக்குத்தான் அந்த நாலு சுவரும் இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது.

மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். பேராசிரியர் எழுதிய ஒன்பது பக்கத்தையும் விடவில்லை. ஒவ்வொரு புகாரின் முடிவிலும் என்னைப் பார்த்து ஒரே கேள்வி: "வந்தவர்கிட்ட குழந்தை இருந்ததா?" "இல்லை மேடம்." அடுத்தது. "இல்லை மேடம்." புள்ளிக் கவுன் பாப்பாவின் மூன்று குடும்பத்துக்கும் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, கேட்டு முடிப்பதற்குள் அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கடைசிப் புகாரில் ஒரே வரி: 'படத்தை மாற்றுங்கள்.' "இவர்கிட்ட இருந்தது மேடம். அது என் தப்பு" என்றேன். தத்தா பாபு தலையை ஆட்டினார்.

மேடம் புத்தகத்தை மூடினார். "எங்க இன்னொரு மால்ல இதே மாதிரி எட்டுக் கட்டம் இருக்கு, தத்தா பாபு. அங்கே ஒரு புகார்கூட இல்லை. போய்ப் பார்த்தேன். எட்டு வண்டியிலயும் ஒரு குழந்தைகூட இல்லை. யாரும் கேக்கறதில்லை, அதனால யாரும் எழுதறதில்லை. பிள்ளைக்காரங்க பேசாம கடைசிக்குப் போய் நிறுத்தறாங்க" என்றார். கட்டம் எட்டும் இருக்கட்டும், பலகைப் படம் மாறட்டும், இந்தப் பெண்ணுக்கு இன்னொரு வருஷத்துக்கு வேலை எழுதிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார். தத்தா பாபு தன் வரைபடத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மேனேஜர் என்ற முறையில் எனக்கு ஒரு உத்தரவு போட்டார்: "அடுத்த பூஜைக்குப் புகார் குறையாம பார்த்துக்கோ."

என்னைத் திட்டி எழுதிய பதினாறு பேரின் புண்ணியத்தில்தான் என் வேலை நிலைத்திருக்கிறது என்றாலும், அவர்களில் யார் மறுபடி வந்தாலும் கும்பிட்டுவிட்டு, குழந்தை எங்கே என்றுதான் கேட்பேன்.