நான் பின் அடித்து மூடிய ஆறு பக்கங்கள்

1. சாவியும் ஸ்டேப்ளரும்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். நூலகப் பொறுப்பை ஏற்ற முதல் நாள், அதிபர் அலுமாரிச் சாவியைக் கையில் தந்து சொன்னார்:

"டீச்சர், புள்ளைங்க கைக்குப் போறதுக்கு முன்னுக்கு நீங்க ஒருக்கா படிச்சிருங்க. ஏதாச்சும் ஏடாகூடமா இருந்தா பேரன்ட்ஸ் என் ஒபிஸ்லதான் வந்து நிப்பாங்க."

நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கண்ணாடி அலுமாரி, அவ்வளவுதான். எங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும் புத்தகம் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் உள்ளே ஒரு குண்டு பல்ப் எந்நேரமும் எரியும். ஏடாகூடமான புத்தகங்களை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே, ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகளுக்கு ஆகாது என்று எனக்குப் பட்ட பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, மூன்று ஓரத்திலும் ஸ்டேப்ளரால் பின் அடித்துவிடுவேன். காதல், கெட்ட வார்த்தை, பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது எல்லாம் உள்ளே போய்விடும். பதினொரு வருடம் இந்தத் திருப்பணியைச் செய்தேன்.

2. ஒரு பெட்டிப் புத்தகம்

போன பாடசாலைத் தவணையில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பியிருந்தார். எல்லாம் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதிய புதிய நாவல்கள். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கென்ன இதில் என்று அசட்டையாகத்தான் எடுத்தேன். அடேயப்பா! இரண்டு நாள் சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் வாசித்தேன்.

ஒன்றில் இரண்டு சிநேகிதிகள் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். கதை முடியும்வரை ஒருத்தியும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒருத்தி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு, யாரையும் உட்கார விடாமல் இருக்கிறாள். மற்றவள் வந்து ஏறினாளா என்றுகூட எழுதவில்லை. ஹட்டன் பஸ்ஸில் அதை வாசித்து நான் அழுத அழுகையைப் பார்த்து, கண்டக்டர் டிக்கட் கேட்காமலே தாண்டிப் போய்விட்டார். ஒவ்வொரு கதைக்கும் கீழே 'இதனால் அறியப்படுவது' என்று எழுதவைத்தே பழகியவள் நான். ஒன்றையும் அறிவிக்காமல் இப்படி எழுத முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அதைவிட என்னை உலுக்கியது நீல அட்டைப் புத்தகம். தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட, அப்பாவோடு இருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணின் கதை. நடுவில் ஆறு பக்கம், அந்தப் பெண் போனில் தாயைக் கண்டபடி திட்டுகிறாள். "நான் பெரிய மனுசியானப்ப பக்கத்து வீட்டு அக்காதான் தண்ணி ஊத்தினாங்க. நீ எங்க இருந்தே?" என்று கேட்கிறாள். எழுதியவர் ஒரு சொல்லைக்கூட மெதுவாக்கவில்லை. அந்தத் துணிச்சலைப் பார்த்து எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு ஸ்டேப்ளரை எடுத்து அந்த ஆறு பக்கத்தையும் மூடினேன்.

3. குவைத்திலிருந்து வந்த போன் கோல்

மூடியதற்குக் காரணம் சுபாஷினி. தரம் பத்து, நன்றாக வாசிக்கிற பிள்ளை. அவளுடைய தாய் ராஜேஸ்வரி குவைத்தில் வீட்டு வேலை. நான் பின் அடிப்பதற்கு முந்தின நாள் இன்டர்வெல் நேரத்தில் ராஜேஸ்வரி எனக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"புள்ள எங்கிட்ட பேசி நாலு மாசமாச்சு டீச்சர். அவுங்க அப்பா போனக் குடுத்தாலும் எந்திரிச்சுப் போயிருது. இங்க இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஒப்பந்தத்துல சைன் வைக்கச் சொல்றாங்க. புள்ளையே மொகத்தத் திருப்பிக்கிச்சுன்னா நான் யாருக்காக வர்றது? சைன வச்சிரலாம்னு இருக்கேன்."

"அவசரப்படாத ராஜி. ஒரு கெழம பொறு" என்றேன்.

நீல அட்டைக் கதையின் முடிவில் தாய் திரும்பி வருகிறாள், மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். சுபாஷினி அதை வாசித்தால் மனம் இளகும் என்பது என் கணக்கு. திட்டுகிற பக்கத்தை வாசித்தால் உள்ள கோபமும் கூடிப்போகுமே என்று பயந்தேன். மூடிய புத்தகத்தைத்தான் அவள் கையில் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"எப்பிடிம்மா இருந்துச்சு?"

"சும்மா பொய்க் கதை டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. "என்னாடி பொய்?"

"அந்தப் புள்ளைக்குக் கோவமே வரல. பொறகு எதுக்கு மன்னிக்குது? எழுதுனவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது போல."

கும்பிடலாம் என்று நான் நினைத்த எழுத்தாளருக்கு ஒன்றும் தெரியாதாம்! அவரைப் பொய்யராக்கியது நான். வெட்கமாக இருந்தது.

"பின் அடிச்ச எடத்தப் பாத்தியா?"

"மத்தவங்க எல்லாம் ஓரத்துல ஊதி உள்ளுக்குப் பாப்பாங்க டீச்சர். நான் பாக்கல. நீங்க வேணான்னுதானே அடிச்சிருக்கீங்க." சற்று நின்று கேட்டாள்: "அதுக்குள்ளதான் கோவம் இருக்கா?"

கத்தரிக்கோல் நுனியால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். விரலில் குத்திக்கொண்டேன், வேண்டியதுதான். சுபாஷினி அலுமாரியோரம் நின்றபடியே வாசித்தாள். மணி அடித்தும் போகவில்லை. முடித்துவிட்டு முகத்தைச் சீருடைக் கழுத்துப் பட்டியால் துடைத்தாள்.

"இப்ப நம்புறேன் டீச்சர்" என்றாள்.

4. மிச்சம்

மறுநாள் காலை ராஜேஸ்வரியின் குரல் பதிவு வந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"புள்ள கோல் எடுத்துச்சு டீச்சர்! முக்கா மணித்தியாலம் திட்டு. ஐயோ சாமி, அம்புட்டுத் திட்டு! என்னா வேணாலும் திட்டட்டும், வாயத் தொறந்துச்சே!"

நான் அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பேரன்ட்ஸ் வந்து நின்னா நானே பேசிக்கிறேன் சேர், ஸ்டேப்ளரை எடுத்துக்குங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அதை மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார்.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். நல்ல புத்தகத்தில் நமக்குப் பயமாக இருக்கிற பக்கத்தைத்தான் பிள்ளை தேடிக்கொண்டிருக்கும். அதை எழுதியவர், நாம் நம்புவதைவிட அதிகமாகப் பிள்ளைகளை நம்பியிருக்கிறார். நாமும் கொஞ்சம் நம்பலாம்.

சனிக்கிழமை சுபாஷினியும் நானும் உட்கார்ந்து எல்லாப் புத்தகத்திலும் பின்களைக் கழற்றினோம். ஈரத்தில் பின்கள் எல்லாம் துருவேறி, ஓரமெங்கும் கறை. இனிப் பிள்ளைகள் அந்தக் கறையைப் பார்த்துத்தான் முதலில் பக்கத்தைத் திறக்கப்போகிறார்கள், போகட்டும். அப்போது என் போன் அடித்தது. ராஜேஸ்வரி. நான் எடுப்பதற்குள் சுபாஷினி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, டீச்சரோட வேலையா இருக்கேன். இன்னைக்கித் திட்ட நேரமில்ல. சைன் கியின் வச்ச, அப்புறம் பாரு. மிச்சத்த வீட்டுக்கு வந்து வாங்கிக்க."

அந்தப் பக்கம் ராஜேஸ்வரி ஓவென்று அழுதது எனக்கும் கேட்டது. சுபாஷினி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.