ஏசிக்காரர் ஊருக்குப் போகிறார்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏசிக்காரர் என்றால் போதும், சின்னக் குழந்தைகூட எங்கள் வாசலைக் காட்டிவிடும். மாடியில் வீடு, கீழே பட்டறை. ஃபோன் எடுப்பது, அவர் எப்போது வருவார் என்று சொல்வது, வராதபோது வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் என் வேலை. அத்தானிடம் சம்பளம் வாங்குகிறேன் என்பதற்காக அவரைத் தூக்கிவைத்துப் பேசுவேன் என்று நினைக்க வேண்டாம்.

மனுஷர் வேலையில் கெட்டி. ஆனால் கோடை வந்துவிட்டால் அவர் எங்களுடையவர் இல்லை. ஊரே விடுமுறைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் ஊரிலுள்ள ஏசியெல்லாம் படுத்துக்கொள்ளும். ஒரு மொட்டைமாடியில் வெயிலில் குந்தி கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்துப் போக வேண்டிய வீட்டுக்காரர் ஃபோனில் கத்துவார். "குழந்தை தூங்கலைங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது, சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். ஊரார் குழந்தைகள் ஜில்லென்று தூங்கும். எங்கள் வீட்டில் அக்காவும் அவள் பொண்ணும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டுகொண்டிருப்பார்கள்.

அக்காவுக்கு ஒரே ஆசை. வடக்கே மலைமேல் இருக்கிற ஒரு குளிர் நகரத்துக்குப் போய், நடுக்கோடையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு வாரம் காலாற நடக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அத்தான் வாய் தவறிக் கொடுத்த வாக்கு அது. வருஷா வருஷம் அவள் பையை அடுக்குவாள். வருஷா வருஷம் எவனாவது ஒருவனுடைய ஏசி நின்று தொலைக்கும். போன கோடையில் வாடகை வண்டி வாசலுக்கே வந்துவிட்டது. பைகளை ஏற்றியாயிற்று. அப்போது பார்த்து ஒரு அழைப்பு. "இதோ வந்துடறேன்" என்று போனவர் திரும்பி வந்தபோது ரயில் எந்த ஊரைத் தாண்டியிருந்ததோ. அக்கா பைகளைத் திறந்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். சண்டை போட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார். அவள் சும்மா இருந்ததில்தான் ஆள் ஒடுங்கிப்போனார். எனக்கிருந்த கோபத்துக்கு, நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

இந்த வருஷம் வெயில் தலைகாட்டும் முன்பே டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷம்," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"ரயில் நகரட்டும். அப்புறம் குதிக்கிறேன். ஆனா ஒண்ணு, நான் பையைத் தொட மாட்டேன். அடுக்கவும் மாட்டேன், பிரிக்கவும் மாட்டேன்."

சொன்னது போலவே இருந்தாள். அவளை எப்படியாவது நம்பவைக்க வேண்டுமே என்று அத்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார். பாவம், பை அடுக்கத் தெரியாது, எந்த ஊருக்கு எந்தத் துணி என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் ஏசி. அதனால் ஏசியை வைத்தே ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையின் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, பழுதுபார்க்க வந்திருந்த பெரிய ஏசியைப் பதினாறு டிகிரியில் வைத்தார். "அந்த ஊர்ல இப்படித்தான் இருக்கும். யாருக்கு எவ்வளவு துணி வேணும்னு பார்த்துடலாம்" என்று ஊருக்குப் போகாத என்னையும் சேர்த்து எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே நாங்கள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொண்ணு சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டாள்.

"கரண்ட் பில்லை அந்த ஊர்லயா கட்டப்போறீங்க?" என்றாள் அக்கா.

அத்தான் காதில் வாங்கவில்லை. செம்புக் குழாய் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி குனிந்து அக்காவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பதறிவிட்டார்.

"என்ன இது, ஐஸ் மாதிரி இருக்கு! எப்பவும் இப்படித்தானா?"

"மழைக்காலம் வந்தா இப்படித்தான்."

"சொல்லவே இல்லையே."

"நீங்க என்னைக்குக் கேட்டீங்க?"

அத்தான் எழுந்து ஏசியை அணைத்தார். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்த் தடித்த கம்பளிக் காலுறையாக நாலு ஜோடி வாங்கி வந்தார். அக்கா வாங்கி ஓரமாக வைத்தாள். முகத்தில் லேசாக ஏதோ இளகியதுபோல இருந்தது, ஆனால் பையை மட்டும் தொடவில்லை.

அவரே அடுக்கினார். அந்தக் கண்கொள்ளாக் காட்சியை நான்தான் பார்த்தேன். பொண்ணுடைய உடுப்புகளை உருட்டி, குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினார். பைக்கு அடியில் கையைவிட்டுப் பார்த்தேன். ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், கேஸ் அளக்கிற மீட்டர்.

"இது எதுக்கு அத்தான்?"

"போற எடத்துல ரூம் ஏசி நின்னுட்டா?"

"குளிர் ஊர்ல ஏசி எதுக்கு மாட்டியிருக்கப் போறாங்க?"

அவர் இதை யோசித்ததே இல்லை. ஏசியே இல்லாத ஓர் ஊர்! கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அங்க போய் எனக்கு என்னம்மா வேலை?"

"அதுக்குப் பேருதான் லீவு," என்று ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "கொஞ்சம் கூட வாயேன். தனியாப் போனா கைகலப்பு ஆனாலும் ஆயிடும்." எங்கே என்று பார்த்தால், மார்க்கெட் முனையில் இருக்கும் இன்னொரு ஏசிக்காரரின் கடைக்கு. இரண்டு பேருக்கும் ஒரு பழைய கம்ப்ரசர் விஷயத்தில் ஜென்மப் பகை. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால்கூட அத்தான் தலையைத் திருப்பிக்கொள்வார்.

"என்னங்க, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றார் அந்தக் கடைக்காரர்.

"ஒரு வாரம் நான் ஊர்ல இருக்க மாட்டேன். என் கஸ்டமருங்க யாராவது கூப்பிட்டா நீங்க போய்ப் பார்க்கணும்."

"போறேன். ஆனா அதுக்கப்புறம் அவங்க என்கிட்டயே நின்னுட்டா, என்னைக் கேக்கக் கூடாது."

அத்தானுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. இந்த மனுஷர் இப்போது விருட்டென்று திரும்பிவிடுவார், நாளைக்கு ரயிலும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

"நின்னா நிக்கட்டுங்க," என்றார். "போன வருஷம் என் வீட்டுல பையைப் பிரிச்சு துணியெல்லாம் திரும்ப அலமாரியில வெச்சாங்க. நான் நின்னு பார்த்தேன். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை."

அந்தக் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. யார் வீட்டு ஏணி ஆடும், யார் வீட்டு நாய் கடிக்கும், அதையாவது சொல்லிட்டுப் போங்க."

என் வாயில் எதுவும் தங்காது. அத்தான் பட்டறையைப் பூட்டுவதற்குள் மாடிக்கு ஓடி அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அந்த ஆள் கடைக்கா போனாரு? இவரா?"

அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போனாள். பையைத் தூக்கிக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள். அந்த நேரம் பார்த்து அத்தான் படியேறி வந்தார். கொட்டிக் கிடந்த துணிகளைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது.

"ஏன்… போகலையா?"

"இப்படியா துணியை வைப்பாங்க? டேப்பை உரிச்சா சாயமே வந்துடும் போலிருக்கு. நகருங்க."

அலமாரியைத் திறந்து தன் புடவைகளை எடுத்தாள். அத்தான் அந்தப் பக்கமாகத் திரும்பி மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர்களுக்காக நான் அழுகிறேனே என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் காலை வண்டி வாசலில் நின்றது. பொண்ணு உள்ளே ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து ஷூ மாட்டினார். ஃபோன் அடித்தது. லேஸ் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நான் எடுப்பதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருக்கையில் அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். தூக்கித் தெருவில் வீசப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"ஆமாங்க, ஏசிக்காரர் வீடுதான்," என்றாள், அவரைப் பார்த்துக்கொண்டே. "அவர் இல்லைங்க. மார்க்கெட் முனையில ஒருத்தர் இருக்காரு, அவரைக் கூப்பிடுங்க, நல்லாப் பார்ப்பாரு. நாங்க கிளம்பி எவ்வளவோ தூரம் வந்துட்டோம்."

வாசலில் வண்டிக்காரர் நீளமாக ஹாரன் அடித்தார்.

"ரயில் சத்தந்தாங்க," என்று சொல்லிவிட்டு அக்கா ஃபோனை என் கையில் வைத்தாள்.